அண்ணன் பேரில் கொடுத்த ரத்தம்

டாக்டர் காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். மேலே அண்ணன் பேர். இசக்கிமுத்து, வயது முப்பத்தொன்று.

ரத்தம் தம்பியான அவனுடையது.

போன மாதம் பரிசோதனைக்கு அண்ணன்தான் வந்து ரத்தம் கொடுத்திருக்க வேண்டும். திசையன்விளையிலிருந்து ரெண்டு பஸ். பஸ் படியில் கால் தூக்கி வைக்க அண்ணனால் முடியாது. தோளும் தொடையும் வற்ற ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது.

"எதுக்குல அலையணும்? ரெட்டப் புள்ளைக்கு ரெண்டு ரத்தமா இருக்கும்? நீயே குடுத்துட்டு வா" என்றான் அண்ணன். பத்து நிமிஷம் முந்திப் பிறந்த அண்ணன்.

அவனுக்கும் சரியென்றே பட்டது. அண்ணனின் ஆதார் அட்டையில் இருந்த முகமும் அவன் முகமும் ஒன்றுதான். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கோளாறு பிறவியிலேயே உள்ளது. சிலருக்கு உடம்பே அதற்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கும். பூட்டு இருக்கிறவரை சதை தப்பிக்கும்.

"உங்க அண்ணனுக்குப் பூட்டு கழண்டு போச்சு. சதை வத்துறது இனி நிக்காது. அதே கோளாறு உங்களுக்கும் இருக்கும். ஆனா உங்க பூட்டு நல்லா இருக்கு, பாத்தாலே தெரியுதே. நீங்க குடுத்து வச்சவர்."

அவன் தலையாட்டினான். காகிதத்தில் கழண்டிருந்தது அவன் பூட்டு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. யாரிடம் சொல்ல?

அழுகை வரவில்லை. பசித்தது. வெளியே வந்து நாலு புரோட்டா தின்றான்.

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை அவனுக்கு. தலைக்கு மேலே கையைத் தூக்காமல் ஒரு நாள் போகாது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். எல்லாவற்றையும் வேறு யாரோ ஒருத்தனைப் பற்றி நினைப்பது மாதிரி நினைத்தான்.

அண்ணனைத் தூக்கும்போதெல்லாம், நல்லவேளை நமக்கு வரவில்லை என்று நினைத்திருக்கிறான். அது வெட்கமாக இருந்தது. அதுவும் கொஞ்ச நேரந்தான்.

வீட்டில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னல சொன்னாவ?"

"ஒனக்கு இனி நிக்காதாம்."

அண்ணன் அவனையே பார்த்தான். போனது யார் ரத்தம் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

"ஒனக்குத்தான்" என்றான் அவன் மறுபடியும்.



ஆறு மணிக்கு அண்ணனைக் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் குனிந்து, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தான்.

அண்ணன் அந்தக் கையை விலக்கினான்.

"தூக்காதல. நான் தவந்து போயிக்கிடுதேன்."

கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கவே வெகுநேரம் ஆயிற்று. நடுவில் ஒருதரம் அண்ணனின் நெற்றி கட்டில் சட்டத்தில் இடித்தது.

அவன் பக்கத்திலேயே நின்றான். கை கொடுக்கவில்லை.