கடைசிச் சுரத்துக்கு முன்

"அது முடிவில்லைங்க, மௌனம்! எத்தனை தடவை சொல்றது?" கிளாடிஸ் கணவனிடம் கத்தினாள். நண்பனைப் பறிகொடுத்த ஜப்பானியர் ஒருவர் எழுதிய சின்னப் பியானோ இசை அது. கடைசிச் சுரத்துக்கு முன் நீண்ட மௌனம். அவள் அதை வாசிக்கும் ஒவ்வொரு கச்சேரியிலும் கணவர் ஜெபராஜ் அங்கேதான் கைதட்டுவார், அரங்கமே சேர்ந்துகொள்ளும். அந்தச் சுரம் யார் காதிலும் விழுந்ததில்லை.

"சும்மா உக்காந்திருந்தா பயமா இருக்கு கிளாடிஸ்."

"பயப்படணும்னுதான் எழுதி வச்சிருக்கான் மனுஷன்!"

இன்று முன்வரிசையில் ஜெபராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மௌனம் வந்தது. யாரும் தட்டவில்லை. ஓர் இருமல்கூட இல்லை. பியானோ கட்டைமேல் அவள் வைத்த விரல் இறங்க மறுத்தது. கிளாடிஸ் அவரைப் பார்த்தாள். தட்டித் தொலையேன்யா.

ஜெபராஜ் கைகளை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.