சென்ட்ராயப்பனின் இடது காது

பழுதுபார்க்கப் போகும் யாஸ்மினுக்கு அந்தப் புகாரே விளங்கவில்லை. ‘ஃபயர்வால் ஒழுங்காக வேலை செய்கிறது. உடனே ஆள் அனுப்பவும்.’

கோபிசெட்டிபாளையத்தில் சென்ட்ராயப்பன் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது காலை பத்து மணி. ஊரில் எல்லோரையும் போல அவருக்கும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஃபயர்வால் பெட்டிகள். வேண்டாதவர் குரலை இடது பக்கத்துப் பெட்டி தடுக்கும்; அது படுத்துவிட்டால் வலது உடனே பொறுப்பேற்கும்.

சோதிப்பதற்காக இடதை நிறுத்தினாள். வலது விழித்துக்கொண்டது. அதே நொடியில், சமையலறையில் பேசிக்கொண்டிருந்த பெண்குரலுக்கு அவர் சட்டென்று திரும்பினார்.

“மகளுங்களா?”

“ஆமாங்க. சொல்லாமக் கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டா. ஆறு வருஷமா அவ குரலுக்குத் தடை போட்டிருக்கேன். அவ என்னடான்னா அம்மாவைப் பார்க்க தினமும் வந்துட்டே இருக்கா.”

யாஸ்மின் இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டாள். அந்தத் தடை இடதில் மட்டுமே இருந்தது; வலதுக்கு நகலாகவே இல்லை.

“இதானா கோளாறு! ஒரே நிமிஷம், வலதுலயும் ஏத்திடறேன்.”

அவர் பதறிப்போய் வலது காதைப் பொத்திக்கொண்டார். “அதைத் தொட்டுப்போடாதீங்க அம்மணி!”

“அப்ப இடதுல இருக்கற தடையை எடுத்துடட்டுமா?”

“எடுத்தா அவ போனுக்குத் தகவல் போயிருமில்லீங்க? நானே இறங்கி வந்த மாதிரி ஆயிரும்.”

“பின்னே என்னதாங்க புகார்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “முன்னெல்லாம் இடது தினமும் நாலு தடவை படுத்துக்கும். போன மாசம் உங்க ஆளு வந்து சரி பண்ணிட்டானுங்க. அப்புறம் ஒருக்காக்கூடப் படுக்கலை.”

யாஸ்மின் இடது பெட்டியின் இணைப்புத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினாள். படிவத்தில் ‘பழுது சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.