கடல் தாண்டிய குற்றம்

யதிராஜன் கொழும்புக்குப் போய் வந்த சேதி, ஸ்ரீரங்கத்திலேயே கடைசியாக அவர் மனைவி வைஜயந்தியின் காதுக்குத்தான் வந்து சேர்ந்தது.

“திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்துவிட்டு, சேதுவில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நாலு நாளில் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்ட மனிதர், தனுஷ்கோடியில் கப்பலேறி அக்கரைக்கே போய்விட்டாராம். அதை அவரே அம்மா மண்டபம் படித்துறையில் நாலைந்து சிநேகிதர்களிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். காவேரியில் குளித்துக்கொண்டே சொன்ன ரகசியம், தலை துவட்டுவதற்குள் உத்தர வீதிக்கு வந்துவிட்டது.

“துறைமுகமா ஓய் அது! நம்ம மலைக்கோட்டையைப் படுக்கப் போட்டாப்பல ஒவ்வொரு கப்பலும். மாடு கிடையாது, குதிரை கிடையாது, டிராம் தானா ஓடறது. நடு வீதியில மணிக்கூண்டு, அதன் தலையிலேயே கலங்கரை விளக்கு!”

அந்த நாளில் கடல் தாண்டுவது சாமானியக் குற்றமில்லை. தாண்டியவர் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் நிற்க முடியாது. யதிராஜன் நின்றதோ முதல் வரிசையில்; அவர் அப்பாவும் பாட்டனாரும் நின்ற அதே இடம். அவருக்கு நேர் பின்னால் நின்ற வேதாந்தம், வருஷக் கணக்கில் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே ஓதி அலுத்தவர். அவர்தான் வீதிப் பெரியவரிடம் புகார் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்று ஏற்பாடாயிற்று.

“ஏன்னா, நெஜம்மாவே போனேளா?” என்று கேட்டாள் வைஜயந்தி.

யதிராஜன் உத்தரத்தைப் பார்த்தார். “போனா என்ன, போகாட்டா என்ன? நீ பேசாம இரு.”

பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை. முதல் வரிசை போனால் அவர் உடைந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த தம்பி தேசிகனை உடனே புறப்பட்டு வரச் சொன்னாள். வந்தவனைக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போனாள்.

“அத்திம்பேர் நாலு நாளும் உங்காத்துலதான் இருந்தார்னு சபையில சொல்லணும்டா. பாவம்னா அது என் தலையோட போகட்டும்.”

சின்ன வயதில் ஒரு மாங்காய் திருடினால்கூடத் தானே வந்து ஒப்புக்கொள்ளும் பையன் அவன். இப்போது கொஞ்சமும் தயங்கவில்லை.

“சொல்லிட்டாப் போச்சு. ஆனா அத்திம்பேர் கோவிச்சுக்க மாட்டாரே?”

“அவருக்காகத்தானேடா!”

கூடத்தில் மைத்துனனைக் கண்டதும் யதிராஜன் முகம் வெளுத்தது. “இவனை யார் வரச் சொன்னா?” என்றார். பொய்ச் சாட்சிக்கு இப்படி நடுங்குகிறாரே என்று வைஜயந்திக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. வைஜயந்தி கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

தேசிகன் கணீரென்று சொன்னான். “ஸ்வாமி, அத்திம்பேர் நாலு நாளும் அடியேன் ஆத்துலதான் இருந்தார். வயத்துக்கு ஒத்துக்கலைன்னு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான் சாப்பிட்டார். வாசப்பக்கம்கூட வரலை.”

எங்கே கற்றுக்கொண்டான், இப்படிக் கோத்துக் கோத்துச் சொல்ல என்று வைஜயந்தி வியந்துபோனாள்.

“அப்பறம் என்ன? வேதாந்தம், உம்ம புகார் நிக்கலை” என்றார் பெரியவர்.

வேதாந்தத்தின் முகம் தொங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த படித்துறைச் சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

யதிராஜன் சட்டென்று எழுந்தார்.

“ஸ்வாமி, இவன் அக்காவுக்காகப் பொய் சொல்றான். அடியேன் கொழும்புக்குப் போனது வாஸ்தவம்!”

கதவுக்குப் பின்னால் வைஜயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். யதிராஜன் நிறுத்தவில்லை. கப்பலின் சங்கு ஊதியது, காலிமுகத் திடலில் காற்று வாங்கியது, புறக்கோட்டைக் கடைகளில் ஏலக்காய் மணத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். விசாரணை என்பதே சபைக்கு மறந்துபோயிற்று.

“அந்த டிராமுக்கு டிக்கெட் உண்டோ ஓய்?” என்று வேதாந்தமே கேட்டுவிட்டார்.

“டிக்கெட் இல்லாம விடுவானா? நம்ம கோயில்னு நினைச்சீரோ!”

பெரியவர் கனைத்துக்கொண்டார். பஞ்சகவ்யம் சாப்பிட்டுப் பிராயச்சித்தம். ஆறு மாதம் கோஷ்டி கிடையாது. அதற்கப்புறமும் கடைசி வரிசைதான். முதல் வரிசை வேதாந்தத்துக்கு.

“தப்புப் பண்ணினாலும் யதிராஜன் சத்தியசந்தர். தப்பிக்க வழி இருந்தும் பொய்யை ஏத்துக்கலை, பாருங்கோ” என்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

வீடு திரும்பிய யதிராஜனைச் சுற்றிச் சிநேகிதர்கள் கூடிவிட்டார்கள். “அந்தக் கலங்கரை விளக்குமேல ஏறினீரா?” என்று ஒருவர் கேட்பது சமையலறைவரை கேட்டது. அங்கே வைஜயந்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

“அந்த மனுஷர் தனக்குன்னு ஒரு பொய் சொல்ல மாட்டேன்னுட்டார். நான் உன்னைப் பொய் சொல்ல வெச்சுட்டேனேடா!”

தேசிகன் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நான் எங்கே அக்கா பொய் சொன்னேன்? தனுஷ்கோடியில அலையைப் பார்த்ததுமே கால் வெலவெலத்துத் திரும்பி வந்து, நாலு நாளும் எங்காத்துலதானே போர்த்திண்டு படுத்திருந்தார்!”