மிளகாய் வறுத்த ஞாயிறு

புது வீட்டு ஏசிக்கு ஏகப்பட்ட பெருமை. "ஜன்னல் இடுக்கெல்லாம் அடைச்சாச்சு. குளிர் ஒரு பொட்டுகூட வெளியே போகாது" என்றது.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் அட்டை ஒட்டி மூடியிருந்தார்கள்.

"அப்போ நெடியெல்லாம் எப்படிப் போகும்?" என்று கேட்டது ஃபேன்.

"உனக்கு எதுக்குடா தம்பி அந்தக் கவலை? நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கார அம்மா இட்லிப்பொடிக்கு மிளகாய் வறுத்தாள். ஏசி அந்த நெடியையும் இழுத்து, நன்றாகக் குளிரவைத்து, வீட்டுக்குள்ளேயே திருப்பி ஊதியது. வீடே இருமியது. மாமனார் தும்மிய வேகத்தில் பல்செட் எகிறி விழுந்தது.

ஓடிப்போய் அட்டையைக் கிழித்தார்கள். ஃபேன் சுற்றச் சுற்ற, நெடி வெளியேறியது.

ஏசி மெல்லக் கேட்டது: "அண்ணே, நாளைக்கு என்ன சமையலாம்?"

"கருவாட்டுக் குழம்பு."

"அப்போ நீங்க நிறுத்தாதீங்கண்ணே. அப்படியே சுத்திக்கிட்டே இருங்க!"