இருபத்து நாலு டிகிரி

“நேத்து ரெண்டு மணிக்கு இருபத்து நாலு. நாலு மணிக்கும் இருபத்து நாலு. அப்படித்தானே?”

வேலையிலிருந்து வந்த கணவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்தபடி கேட்டார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அப்படித்தான் என்றாள்.

“நேத்து மத்தியானம் பூரா தெருவுல கரண்ட் இல்லையாமே. இஸ்திரிக்காரர் சொன்னார்.”

மெஷின் நின்றது.

இருபத்தெட்டு வருடங்களாக அவர் ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அங்கே அவருக்குப் பெயர் ‘டிகிரி சார்’. கல்லூரி வாசலை மிதிக்காதவருக்குத் தெர்மாமீட்டர் கொடுத்த பட்டம் அது. கேப்சூலின் மேல்கூடு வெக்கையில் இளகும், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே மருந்து செத்துப்போனாலும் வெளியே தெரியாது என்று கேட்பவரிடமெல்லாம் சொல்வார். கேட்காதவரிடமும் சொல்வார்.

மூன்று மாதங்களுக்கு முன் அவள் இந்த மெஷின் மேல்தான் மயங்கிச் சரிந்தாள். இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். மூன்று வேளையும் கேப்சூல் எழுதிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், இந்த மருந்து இருக்கும் இடம் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தின்றும் பயனில்லை என்பதுதான்.

அந்த வாரமே படுக்கையறைக்கு ஏசி வந்தது. தனக்கென்று மின்விசிறியின் வேகத்தைக்கூடக் கூட்டாதவள், மருந்துக்கு என்றதும் வாயடைத்துப்போனாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் போதாதா என்று ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அங்கே ஈரம் கோக்கும் என்று முடித்துவிட்டார். கதவைத் திறந்து திறந்து மூடினால் வெக்கை உள்ளே வரும் என்று தையல் மெஷினையும் அறைக்குள் நகர்த்திப் போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார். மாத்திரைக்கு வந்த வாழ்வைப் பாரு என்று முணுமுணுத்தாலும் எழுதினாள்.

இப்போது அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஆரம்பத்தில் இருபத்து மூன்று, இருபத்தைந்து, இருபத்து நாலு என்று ஏறி இறங்கிய எண்கள், கடைசிப் பதினொரு நாளாக அசையவே இல்லை. உண்மையான அறை எதுவும் இப்படி அடங்கி நடக்காது. கிடங்கில் இதே மாதிரி பார்க்காமலே எழுதிய ஒரு ஆளை, சொந்த மச்சினன் என்றும் பாராமல் வேறு வேலைக்கு மாற்றியவர் அவர்.

“என் தம்பியை அட்டைப்பெட்டி எண்ண அனுப்பின மாதிரி என்னையும் எங்கயாவது அனுப்பிடுங்க,” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை.

“ஏசி போடறியா, இல்லையா?”

“நீங்க தெருமுனை திரும்பினதும் அணைச்சிடுவேன். வர்றதுக்கு அரை மணி முன்னாடி போடுவேன்.”

மொட்டை மாடியின் வெயிலை நேராகத் தலையில் வாங்கும் அறை அது. ஏசி இல்லாமல் பகலில் அங்கே உட்காருவது அடுப்புக்குள் உட்காருவது போலத்தான். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கழுத்தோரம் சிவந்திருந்த வேர்க்குருவைப் பார்த்தார். மருந்து பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினார். சந்தேகம் வந்தவர்போல மறுபடியும் எண்ணினார்.

தலை சுற்றியதா என்று கேட்டார். கொஞ்சம் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அத்தனை மருந்தும் கெட்டுப்போயிருந்தா? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“கெடாதுங்க,” என்றாள் சின்னக் குரலில்.

பழைய பாட்டில் தீர்ந்து புதிது வாங்கப் போனபோது, மருந்துக் கடைப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள். இது சாதாரண அலமாரியில் வைக்கிற மருந்துதான், வெயிலும் ஈரமும் படாமல் மூடி வைத்தால் போதும் என்றாளாம் அந்தப் பெண். அந்தக் கடையிலேயே வெறும் விசிறிதான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

“அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எப்படிங்க சொல்றது? மருந்தோடயே குடித்தனம் நடத்துறவர் நீங்க. ஊருக்கெல்லாம் டிகிரி சொல்றவர். சொந்த வீட்டு மருந்துல கோட்டை விட்டுட்டீங்கன்னு நான் சொன்னா உங்க முகம் என்னத்துக்காகும்? நான் விழுந்த பதற்றத்துல எதையோ மாத்தி நினைச்சிட்டீங்கன்னு விட்டுட்டேன். நீங்க பார்க்கிறப்போ இருபத்து நாலு இருந்தா உங்களுக்கு நிம்மதி. அதுக்குத்தான் எழுதினேன்.”

அவர் நோட்டை மூடிக் கட்டில்மேல் வைத்தார். ஏசியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“நான் எதையும் மாத்தி நினைக்கலை,” என்றார் கடைசியில். “இருபத்தஞ்சைத் தாண்டாம பார்த்துக்கங்கன்னு டாக்டர் சொன்னது மாத்திரையை இல்ல. உனக்காகன்னு சொன்னா, ஒரு நாளாவது போட்டிருப்பியா?”