இஸ்டேஷன்

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அதனால் மருமகள் என்னை முதியோர் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அங்கே ஒரு பழைய நாவல் பாடம். புத்தகம் கிடையாது. காதில் மாட்டும் கருவி, நமக்கு வேண்டியவர் குரலில் படித்துக் காட்டும்.

எனக்கு என் மனைவி செங்கமலத்தின் குரலைப் போட்டார்கள். அவள் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பழைய போன் பேச்சுகளை வைத்துச் செய்தார்களாம்.

"இது அவ இல்ல டீச்சர். இந்தம்மா துரைசானி மாதிரி பேசுது. என் பொண்டாட்டி பேசினா பாதி திட்டுதான்."

"கதையைக் கேளுங்க ஐயா," என்றார் மெர்லின் டீச்சர். அர்த்தமும் அவரே சொன்னார்.

பட்டாளத்துக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். ஒரு கடுதாசி போடத் துப்பில்லாதவனுக்காக எதற்கு இந்தத் தவம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் அவன் வருகிற நாளில் அவள் ஓடுகிறாள். எங்கே ஓடுகிறாள் என்பதைக் கருவி சொன்னது: "இஸ்டேஷன்."

கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். செங்கமலத்துக்கு 'ஸ்டேஷன்' கடைசிவரை வாயில் நுழையவில்லை. கேலி செய்தால், "உங்களுக்குப் புரிஞ்சுதுல்ல? வாய மூடிட்டு வாங்க," என்பாள்.

டீச்சர் திரையைப் பார்த்தார். "உச்சரிப்புல ஒரு தப்பு இருக்கு ஐயா. சரி பண்ணிடறேன்."

"கைய எடும்மா," என்றேன். "அவ இப்பத்தான் வந்திருக்கா."