இடது முன் சக்கரத்தில் ஒரு சத்தம்

“டார்ச்ச நேராப் பிடிங்க மாமா. ஆயில் ஒழுகுறது அச்சுல, என் மூஞ்சியில இல்ல.”

டிரக்குக்கு அடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மாமனார் டார்ச்சைத் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாமாவுக்கு ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்று மாப்பிள்ளை சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வண்டி பழசு. நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். குறுக்கே மலையே வந்தாலும் ஏறி இறங்கிவிடும் என்பார் மாப்பிள்ளை. இதுவரை அது ஏறியதில் உயரமானது மாமனார் வீட்டு வாசல் மேடுதான்.

நேற்று மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியபோது வண்டி சமர்த்தாகத்தான் இருந்தது. இன்று காலையில் ஊருக்குக் கிளம்ப மாப்பிள்ளை வண்டியைப் பின்னால் எடுத்தபோது, இடது முன் சக்கரத்தில் ‘டணக், டணக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் அச்சின் முனையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றினார்.

அவர் எந்த மெக்கானிக்கையும் நம்புகிறவர் இல்லை. மெக்கானிக்கை மட்டும் என்றில்லை.

முதலில் தெருக்கோடி வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது. திரும்பும்போது வேகமாக ஓட்டினார். சத்தம் காணாமல் போனது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. தேய்ந்த பேரிங் மெதுவாகப் போனால் ஆடுமாம், வேகம் எடுத்தால் சூட்டில் இறுகிக்கொள்ளுமாம். யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

பிறகு ஜாக்கி வைத்தார். வண்டி இடது மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். “பால் ஜாயின்ட்.” பக்கவாட்டில் ஆட்டினார். “டை ராடும் போச்சு.” சுழற்றிவிட்டுக் காதை வைத்தார். “பேரிங். நான் அப்பவே சொன்னேன்ல?”

சக்கரம் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. அவரிடம் இருக்கிற எதுவும் மறுத்துப் பேசிப் பழகியதில்லை.

அச்சில் சொட்டிய எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

“கியர் ஆயில். உள்ள சீல் கிழிஞ்சிருக்கு. எனக்கு மூக்குலயே தெரிஞ்சிரும்.”

மாமனாரும் மோந்து பார்த்தார். “நீங்க சொன்னா சரிதான் மாப்ள.”

சக்கரத்தின் நடுவில் இருந்த மூடியை மட்டும் கழற்ற மாமனாருக்கு அனுமதி கிடைத்தது. அதற்குமேல் எல்லாம் மாப்பிள்ளை கைவரிசை. சக்கரம் வந்தது. பிரேக் வந்தது. பேரிங் வந்தது. ஒவ்வொன்றும் பழைய சாக்கின் மேல் கிரீஸ் வழிய உட்கார்ந்தது.

“வண்டியும் பொண்டாட்டியும் ஒண்ணு மாமா. லேசா சத்தம் வந்தாலும் அன்னிக்கே அடக்கிரணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

“டார்ச்ச ஏன் ஆட்டுறீங்க?”

வெயில் ஏறிய பிறகு மாப்பிள்ளை வெளியே ஊர்ந்து வந்தார். பேரிங் புதுசு மாதிரி இருந்தது. சீலில் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிரீஸை அள்ளித் தடவி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்.

“நல்லவேளை, நான் இருந்தேன். சக்கரத்த மாட்டிட்டா முடிஞ்சுது. அவளப் பையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க.”

மாமனார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து மகள் எப்போது வந்தாலும் பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை இருப்பார். எப்படிம்மா இருக்கே என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். அவளுடைய போனும் அவர் பையில்தான். நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில், மகள் தன் அம்மாவிடம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். பேச அவகாசமில்லை. பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இன்று காலை மாப்பிள்ளை எழுவதற்குள் மாமனார் வாசலுக்குப் போனார். சக்கர மூடிக்குள் ஒரு நட்டைப் போட்டு மூடினார். அடுப்படியில் மீந்திருந்த சமையல் எண்ணெயை அச்சின் மேல் ஊற்றினார். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை அவ்வளவுதான். மற்றதை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வார் என்று நம்பினார்.

மகளும் அவள் அம்மாவும் பின்வாசல் வழியாகப் போயிருந்தார்கள். பஸ் நிலையம் பக்கத்துத் தெருதான். வெளியூர் பஸ் முற்பகலில் ஒன்றுதான். கிளம்பும்போது டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். வீடு வரைக்கும் கேட்கும். மகளை அதில் ஏற்றிவிட்டால் போதும், இறங்குகிற ஊரில் அவள் அக்கா வந்து நிற்பாள்.

காலையிலிருந்து மாமனாரும் ஒரு சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அது இன்னும் வரவில்லை.

மாப்பிள்ளை சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

மாமனார் டார்ச்சை வலது பக்கம் திருப்பினார். “மாப்ள, இடது பக்கமே இப்படின்னா, வலது பக்கம் எப்படி இருக்குமோ?”

மாப்பிள்ளை நின்றார். வண்டியின் வலது பக்கத்தைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். இடது அச்சுக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகிவிட்டு ஜாக்கியை உருவினார்.

“இப்பத்தான் மாமா, உங்களுக்கும் வண்டியப் பத்திக் கொஞ்சம் புரியுது.”